முருங்கை இலையும் மீயொலித் தொட்டியும்: தப்பாய்ப் போன முதல் கணக்கு

என் நோட்டின் முதல் பக்கத்தில் 31 என்று எழுதி, அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு கிராம் காய்ந்த முருங்கை இலைத் தூளிலிருந்து 31 மில்லிகிராம் பாலிஃபீனால் (செடிகளில் இயல்பாக இருக்கும் ஆன்டி ஆக்சிடன்ட் வகைப் பொருள்கள்). அதே தூளைச் சும்மா 24 மணி நேரம் ஊறவைத்து எடுத்தபோது கிடைத்தது 22தான். ஒரு நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்து, அதற்கு மேல் 40% கூடுதலாகவும் கொடுத்துவிட்டதே இந்தச் சோனிகேட்டர் (காதுக்குக் கேட்காத மீயொலியைத் தண்ணீருக்குள் செலுத்தும் தொட்டி) என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்த 31 தப்பு. எங்கே கோட்டை விட்டேன் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. இந்தப் பதிவில் பாதி அந்த மூன்று வாரத்தின் கதைதான்.

கையில் இருந்தது, கண்ணாடியும் சின்ன உலோகச் சாமான்களும் கழுவுகிற வகை மீயொலித் தொட்டி. 2 லிட்டர் கொள்ளளவு, 40 கிலோஹெர்ட்ஸ், மேலே ஒட்டியிருந்த சீட்டில் 120 வாட். நிறமானி, அதாவது ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், ஒரு நண்பரின் ஆய்வகத்தில் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் சாயந்திரம் அதைப் பயன்படுத்திக்கொள்ள விட்டார்.

முருங்கையை எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. இலை மெல்லியது, சீக்கிரம் காயும், சீக்கிரம் பொடியாகும். உள்ளே என்ன இருக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்த விஷயம்: குவெர்செடின், கெம்ப்ஃபெரால் என்ற ஃபிளவனாய்டுகள் (பாலிஃபீனாலில் ஒரு வகை) சர்க்கரையோடு பிணைந்த வடிவில் இருக்கின்றன, கூடவே குளோரோஜெனிக் அமிலமும் அதன் உறவுக்காரர்களும். இந்த ஃபிளவனாய்டுகளில் சில, மலோனில் என்ற ஒரு சின்ன வாலையும் சேர்த்துச் சுமக்கின்றன. சூடு பட்டால் அந்த வால் உதிர்ந்துவிடும். சூடு இல்லாமல் சாறு இறக்க முடிந்தால் நல்லது என்று எல்லாரும் நினைப்பதற்கு இப்படிப்பட்ட சமாச்சாரங்கள்தான் காரணம்.

முதலில் இலை. முதல் தடவை பறித்ததைக் கழுவி, ஒரு தட்டில் அப்படியே குவித்து வைத்தேன். மறுநாள் மேலே பச்சை, கிளறினால் நடுவில் கறுத்துப் போயிருந்தது. இலை கசங்கும் இடத்தில் செல் உடைந்து, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி பாலிஃபீனாலைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்துக் கறுப்பாக்கிவிடுகிறது. வெட்டிய ஆப்பிள் கறுப்பதும் இதே கதைதான். எதை எடுக்க வந்தோமோ அதையே இலை தின்றுகொண்டிருந்தது. அந்தக் குவியல் குப்பைக்குப் போனது. இரண்டாம் தடவை, காம்பிலிருந்து உருவிய இலையை ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி வலைத்தட்டில் பரப்பி, விசிறி வைத்த உலர்த்தியில் 40 டிகிரியில் வைத்தேன். (இந்தப் பதிவில் டிகிரி என்றால் செல்சியஸ்.) 300 கிராம் பச்சை இலை 66 கிராமாக வந்து நின்றது. விரலில் தேய்த்தால் மொறமொறவென்று நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை.

பொடிப்பதில் ஒரே எச்சரிக்கை: மிக்சியைத் தொடர்ந்து ஓட்டினால் தூள் சூடாகிவிடும். ஐந்தாறு வினாடி ஓட்டி, நிறுத்தி, தட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். 0.4 மில்லிமீட்டர் துளைச் சல்லடையில் சலித்து, விழுந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். இன்னும் மைய அரைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். மாவு போல ஆகிவிட்டால் கரைப்பானில் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும், வடிதாளையும் அடைத்துவிடும்.

கரைப்பானைத் தேர்ந்தெடுக்க ஒரு சாயந்திரம் போதுமானதாக இருந்தது. மூன்று குடுவையில் ஒரே அளவு தூள்: ஒன்றில் 96% எத்தனால், ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் 60% எத்தனால். மூன்றையும் தொட்டியில் ஒன்றாக வைத்து எடுத்தேன். 96% எத்தனாலில் வந்த சாறு மரகதம் மாதிரி கரும்பச்சை. பார்த்தவுடன் இதுதான் சரக்கு என்று மனசு சொன்னது. அளந்து பார்த்தால் மூன்றில் இதுதான் கடைசி. அந்தப் பச்சை முழுக்கப் பச்சையம். நாம் தேடுகிற சர்க்கரை ஒட்டிய ஃபிளவனாய்டுகளுக்குத் தண்ணீரும் கொஞ்சம் வேண்டும். வெறும் தண்ணீரில் எடுத்தது நுரைத்துக்கொண்டு, கொழகொழவென்று வடிதாளில் இறங்கவே மறுத்தது. மறுநாள் நாற்றமும் வந்துவிட்டது. 60% எத்தனால் சாறு பார்க்கச் சாதாரணமாக, மஞ்சள் கலந்த மங்கல் பச்சையில் இருந்தது. அளவில் அதுதான் முதலிடம். அதோடு நின்றுவிட்டேன்.

60% கலக்கும்போது ஒரு சின்ன விஷயம். 62.5 மி.லி. 96% எத்தனாலை அளவுக் குடுவையில் ஊற்றி, தண்ணீர் விட்டு 100 மி.லி. கோடு வரை நிரப்ப வேண்டும். 62.5-உடன் 37.5 மி.லி. தண்ணீரைக் கூட்டினால் 100 வராது, குறையும். இரண்டும் கலந்தால் சுருங்கும். கலந்தவுடன் குடுவை கையில் வெதுவெதுப்பாகத் தெரியும், பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழும் கிளம்பும். ஆறி, குமிழ் அடங்கிய பிறகு மறுபடி கோடு வரை நிரப்பிக்கொள்ளலாம்.

சரி, முதல் ஓட்டத்துக்கு வருவோம். 100 மி.லி. கூம்புக் குடுவையில் 2 கிராம் தூள், 40 மி.லி. கரைப்பான். வாயில் பஞ்சு அடைத்தேன். தொட்டியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், குடுவையை அடியில் உட்காரவைத்து 60 நிமிடம் ஓட்டினேன். தொட்டியில் உள்ள ஹீட்டரை அணைத்துத்தான் வைத்திருந்தேன். வடித்து, 20 மடங்கு நீர்த்து, ஃபோலின் சோதனை செய்தேன்.

ஃபோலின் சோதனை தெரியாதவர்களுக்கு: ஓட்டோ ஃபோலினும் சியோகால்டியுவும் 1927-ல் வெளியிட்ட வினைப்பொருள் அது. மஞ்சள் நிறக் கரைசல்; பாலிஃபீனால் அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்தால் நீலமாகும். 0.5 மி.லி. நீர்த்த சாறு, பத்து மடங்கு நீர்த்த ஃபோலின் கரைசல் 2.5 மி.லி., 7.5% சோடியம் கார்பனேட் 2 மி.லி. அரை மணி நேரம் இருட்டில் வைத்து, 765 நானோமீட்டரில் நீலத்தின் அடர்த்தியை, அதாவது அது ஒளியை உறிஞ்சும் அளவை, அளக்க வேண்டும். பக்கத்திலேயே காலிக் அமிலத்தைத் தெரிந்த அளவுகளில் போட்டு ஒரு நேர்கோடு வரைந்துகொண்டால், சாற்றின் நீலம் எத்தனை மைக்ரோகிராம் காலிக் அமிலத்துக்குச் சமம் என்று படித்துவிடலாம். எனக்கு ஒரு மி.லி.க்கு 100 மைக்ரோகிராமில் உறிஞ்சல் 1.00 என்று கச்சிதமாக வந்தது. சாற்றுக்கு 0.78. கணக்குப் போட்டால் கிராமுக்கு 31 மில்லிகிராம். இரண்டு வட்டம்.

இந்த எண்ணை அப்படியே 'பாலிஃபீனால்' என்று படிப்பதும் கொஞ்சம் தாராளம்தான். வைட்டமின் சி, சில சர்க்கரைகள், சில புரதங்கள் எல்லாம் ஃபோலினை நீலமாக்கும். ஒரே இலையை வெவ்வேறு விதமாக எடுத்து ஒப்பிட இது போதும். அதற்கு மேல் நம்ப மாட்டேன்.

சந்தேகம் குடுவையை வெளியே எடுத்தபோதே வந்திருக்க வேண்டும். கையில் பிடிக்க முடியாத சூடு. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 58 டிகிரி. ஆரம்பித்தபோது 28. அன்று அதை நோட்டில் ஓரமாக எழுதிவிட்டு மறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அந்த நண்பர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "58 டிகிரி தண்ணியில சும்மா வெச்சா எவ்வளவு வரும்?"

பதில் தெரியவில்லை. 24 மணி நேரம் ஊறவைத்த குடுவை அறை வெப்பத்தில் இருந்தது. சோனிகேட்டர் குடுவைக்குச் சத்தமும் கிடைத்தது, சூடும் கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டு, பெருமையை எல்லாம் சத்தத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

சாதாரண வெந்நீர்த் தொட்டியில், 58 டிகிரியில், அவ்வப்போது குலுக்கிக்கொண்டே ஒரு மணி நேரம் வைத்தேன். வந்தது 28. ஆக 22-க்கும் 31-க்கும் இடையே இருந்த 9-ல் 6 சூட்டின் வேலை. மிச்சமுள்ள 3 மட்டுமாவது மீயொலியின் பங்கு என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

அதுவும் நிலைக்கவில்லை. வெந்நீர்த் தொட்டிக் குடுவைக்கு நல்ல கண்ணாடி மூடி போட்டிருந்தேன். சோனிகேட்டர் குடுவைக்கு வெறும் பஞ்சு. முதல் ஓட்டத்தை அப்படியே பஞ்சோடு திரும்பச் செய்தேன், இந்தத் தடவை குடுவையை ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் வெளிப்புறம் துடைத்துத் தராசில் வைத்தேன். 3 கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. கிட்டத்தட்ட 4 மி.லி. கரைப்பான், பெரும்பாலும் எத்தனால், பஞ்சு வழியாகப் பறந்துவிட்டது. நானோ 40 மி.லி. சாறு இருப்பதாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். உள்ளே இருந்தது 36. சாறு வற்றி அடர்த்தியானதை மகசூல் கூடியதாக எண்ணிக்கொண்டேன். 31-ஐ 36-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 28.

வெந்நீர்த் தொட்டியிலும் 28. மீயொலியின் பங்கு சுத்தமாகப் பூஜ்யம்.

(வடித்த பிறகு அளவுசாடியில் ஊற்றி அளந்தால் இது தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. ஊறிய தூள் எவ்வளவு கரைப்பானைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். குடுவையை எடை போடுவதுதான் வழி.)

இரண்டு நாள் தொட்டியைத் தொடவில்லை. அப்புறம்தான் கேள்வியே மாறியது: மீயொலி இலையிடம் போய்ச் சேர்ந்ததா இல்லையா?

மீயொலி இலையைக் 'குலுக்கிப்' பிழிவதில்லை. ஒலி அலை திரவத்தில் போகும்போது ஒரு கணம் அழுத்தும், மறு கணம் இழுக்கும். இழுக்கும் கணத்தில் திரவத்துக்குள் நுண்ணிய குமிழிகள் பிறந்து, அலைக்கு அலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, ஒரு கட்டத்தில் தாங்காமல் உள்நோக்கி நொறுங்கும். அந்த நொறுங்கலின் மையத்தில், கண நேரத்துக்கு, வெப்பம் சில ஆயிரம் டிகிரி வரை ஏறும். அழுத்தமும் பல நூறு வளிமண்டல அளவுக்குப் போகும். திரவத்தின் நடுவில் நொறுங்கும் குமிழி உருண்டையாகவே சுருங்கும். ஒரு திடப்பொருளின் பக்கத்தில் நொறுங்கினால் ஒரு பக்கம் அமுங்கி, ஊசி போல ஒரு நீர்த்தாரை அந்தப் பரப்பில் பாயும். கப்பலின் சுழல்விசிறிகள் குழி குழியாக அரிபடுவதற்கும் குமிழி நொறுங்குவதுதான் காரணம். அந்த நொறுங்கலின் அழுத்தத்தை ராலே பிரபு 1917-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அங்கே வெண்கலத்தை அரிப்பது இங்கே இலையின் செல் சுவரைக் கிழிக்கிறது. கரைப்பான் உள்ளே போகிறது, உள்ளே இருப்பது வெளியே வருகிறது.

குமிழி நொறுங்காத இடத்தில் குடுவையை வைத்தால், அது வெறும் வெந்நீர்த் தொட்டி.

இதைச் சோதிக்க மின்னணுக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு துண்டு மெல்லிய அலுமினியத் தாள் போதும். தாளைக் கசங்காமல் செங்குத்தாகத் தண்ணீரில் இறக்கி, இரண்டு முனையையும் இடுக்கியால் பிடித்து, ஒரு நிமிடம் ஓட்டி எடுத்தேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது. தாளில் ஊசிக்குத்து மாதிரி துளைகளும் சொரசொரப்பும் கிடைமட்டப் பட்டைகளாக இருந்தன. இரண்டு பட்டைக்கு நடுவில் தாள் புதிது போலப் பளபளத்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், பட்டைக்குப் பட்டை ஏறக்குறைய 1.9 சென்டிமீட்டர். தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1480 மீட்டர் போகும். 40,000-ஆல் வகுத்தால் அலைநீளம் 3.7 சென்டிமீட்டர், அதில் பாதி 1.85. போகும் அலையும் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து, அரை அலைநீளத்துக்கு ஒரு பட்டையாக ஒரே இடத்தில் நிற்கும் நிலையலையின் படம் தாளில் பதிவாகியிருந்தது. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கணம் அதுதான். அந்தத் தாளை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்ததில், தொட்டியின் அடியில் இருந்து ஒலியை எழுப்பும் இரண்டு அதிர்விகளுக்கு நேர் மேலே துளைகள் நெருக்கம். மூலைகளில் ஒன்றுமே இல்லை. என் குடுவை மூன்று வாரமாக எங்கே உட்கார்ந்திருந்தது? மூலையில், அடித்தட்டின் மேல் நேராக. அடியில் பொருள் உட்கார்ந்தால் அந்த இடத்தில் தட்டு அதிர்வதும் மட்டுப்படும், தொட்டிக்கும் நல்லதல்ல. இப்போது கிளாம்ப் வைத்துக் குடுவையைத் தொங்கவிடுகிறேன். அதன் அடி ஒரு பட்டையின் உயரத்தில், அதிர்விக்கு நேர் மேலே. கிளாம்ப் கம்பியில் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். தண்ணீர் மட்டம் மாறினால் பட்டைகளும் நகர்ந்துவிடும் என்பதால் தொட்டியின் உள்சுவரிலும் ஒரு கோடு.

இன்னும் இரண்டு விஷயம் அலுமினியத் தாள் சொல்லிக்கொடுத்தது. குழாயிலிருந்து பிடித்த தண்ணீரில் முதல் சில நிமிடம் தாளில் ஒன்றுமே பதியவில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று பெரிய சோம்பேறிக் குமிழிகளாகக் கிளம்பி ஒலியைத் தின்றுவிடுகிறது. குடுவை வைப்பதற்கு முன் பத்து நிமிடம் வெறுமனே ஓட்டினால் சரியாகிறது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இன்னும் நல்லது. இன்னொன்று, பிளாஸ்டிக் பாத்திரம். மெல்லிய கண்ணாடிக் குடுவைக்குள் வைத்த தாளில் துளை விழுந்தது; தடித்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் வைத்த தாள் அப்படியே வந்தது.

சூட்டைக் கட்டுப்படுத்துவதும் எளிதாக இல்லை. முதலில் ஐஸ் கட்டிகளைத் தொட்டியில் போட்டேன். 'சீ' என்று சீறிக்கொண்டிருந்த சத்தம் உடனே மழுங்கிப்போனது; உருகும் கட்டியிலிருந்து காற்றும் சேர்ந்து வெளியே வருகிறது. தாள் வைத்துப் பார்த்தேன், பட்டைகள் காணோம். ஐஸை விட்டுவிட்டு, தொட்டி எவ்வளவு வேகமாகச் சூடேறுகிறது என்று முதலில் அளந்தேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர் 5 நிமிடத்தில் 3 டிகிரி ஏறியது. 1500 கிராம், 4.18 ஜூல், 3 டிகிரி, 300 வினாடி: சுமார் 63 வாட். சீட்டில் போட்டிருக்கும் 120 வாட் சுவரிலிருந்து இழுப்பது; தண்ணீருக்கு வந்து சேர்வது அதில் பாதிதான். சோனிகேட்டர் வைத்துச் செய்த எந்த வேலையை யார் எழுதினாலும் இந்த எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கட்சி. சீட்டில் உள்ள வாட்டை நம்பி இன்னொருவர் அதே வேலையைச் செய்து பார்க்கவே முடியாது.

5 நிமிடத்துக்கு 3 டிகிரி என்று தெரிந்ததும் வழி கிடைத்தது. 33 டிகிரியில் ஆரம்பிக்கிறேன். 5 நிமிடத்தில் 36. நிறுத்தி, அரை லிட்டரை மொண்டு எடுத்துவிட்டு, காய்ச்சி ஆறவைத்த 27 டிகிரித் தண்ணீர் அரை லிட்டர் ஊற்றினால் மறுபடி 33. கோடு வரை. ஓட்டு. தெர்மாமீட்டர் முனை குடுவைக்குள் இருக்க வேண்டும், தொட்டித் தண்ணீரில் அல்ல.

இப்போது நியாயமான பந்தயம். எல்லாக் குடுவைக்கும் கண்ணாடி மூடி, முன்னும் பின்னும் எடை, 35 டிகிரிக்கு இரண்டு கூடக்குறைய. ஒவ்வொன்றும் மூன்று தடவை. மூன்றுக்குள் 1 மில்லிகிராம் வரை ஏற்ற இறக்கம் இருந்தது, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். மீயொலி இல்லாமல் 20 நிமிடம் கலக்கிக்கொண்டே இருந்தது: 17. மீயொலியோடு 5 நிமிடம்: 18. பத்து நிமிடம்: 23. இருபது: 26. முப்பது: 27. அறுபது: 26.

17-க்கும் 26-க்கும் இடையே உள்ளது சத்தத்தின் வேலை. இதில் சூட்டுக்குப் பங்கில்லை, ஆவியான கரைப்பானுக்கும் பங்கில்லை. 31-ஐ விடச் சின்ன எண்தான். ஆனாலும் ஒரு நாள் ஊறவைத்துக் கிடைத்த 22-ஐ இருபதே நிமிடத்தில் தாண்டிவிட்டது. 58 டிகிரியில் ஒரு மணி நேரம் வேகவைத்துக் கிடைத்த 28-க்குப் பக்கத்திலும் வந்துவிட்டது. வால் உதிராமல்.

வால் உதிரவில்லை என்பதை நான் அளக்கவில்லை. அதற்குச் சாற்றில் உள்ளதைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் திரவ நிறப்பிரிகை வேண்டும், கைவசம் இல்லை. நான் செய்தது, சாற்றின் ஆன்டி ஆக்சிடன்ட் பலத்தைக் காட்டும் டிபிபிஹெச் சோதனை மட்டும்.

டிபிபிஹெச் நிலையாக நிற்கக்கூடிய ஒரு தனி உறுப்பு (ஃப்ரீ ரேடிக்கல், ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு), அடர் ஊதா நிறம். ஆன்டி ஆக்சிடன்ட் எதாவது அதற்கு ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்தால் ஊதா போய் வெளிர் மஞ்சளாகும். 1958-ல் பிளாய்ஸ் இதை அளவுமுறையாக்கினார். 100 மி.லி. எத்தனாலுக்கு 3.9 மில்லிகிராம், இருட்டில் அரை மணி நேரம், 517 நானோமீட்டரில் அளவு. கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும், பாட்டிலைச் சுற்றி அலுமினியத் தாள்.

இதிலும் ஒரு தடவை மண்ணைக் கவ்வினேன். சாற்றை நீர்க்காமல் 0.1 மி.லி. விட்டேன். க்யூவெட்டில் (நிறமானிக்குள் வைக்கும் சின்னக் குப்பி) ஊதா ஒரு துளி மை கலைவது போலச் சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் மஞ்சளாகிவிட்டது. பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் ஊறவைத்த சாறு, வேகவைத்த சாறு, மீயொலிச் சாறு மூன்றும் ஒரே எண்ணைக் காட்டின. இருக்கும் டிபிபிஹெச் மொத்தத்தையும் மூன்றுமே தீர்த்துவிட்டால் யார் பலசாலி என்று எப்படித் தெரியும்? பத்து மடங்கு நீர்த்த பிறகுதான் பிரிந்தன. சாறு சேர்க்காத கரைசலின் உறிஞ்சல் 1.02. 20 நிமிட மீயொலிச் சாறு அதை 0.41-க்கு இறக்கியது, அதாவது 60% அழிப்பு. 60 நிமிடச் சாறு 0.47 வரைதான் இறக்கியது, 54%. வேகவைத்தது 58%, அதையும் 60-ஐயும் வேறு வேறு என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

60 நிமிடச் சாறு பின்தங்கியது யோசிக்க வைத்தது. ஃபோலின் கணக்கில் 26, 27 என்று சமமாகத்தான் இருந்தது. குமிழி நொறுங்கும் இடத்தின் கொடும் வெப்பத்தில் தண்ணீர் மூலக்கூறே உடைந்து ஹைட்ராக்சில் என்ற தனி உறுப்பு பிறக்கிறது. தனி உறுப்பைப் பிடிப்பதற்கென்றே இருக்கும் சரக்கு, குடுவைக்குள்ளேயே அந்த வேலையை ஆரம்பித்துவிட்டிருக்கலாம். இலையிலிருந்து புதிதாக வர ஒன்றும் மிச்சமில்லாதபோது ஓட்டிக்கொண்டே இருந்தால் வந்ததைத்தான் செலவழிக்கிறோம். நான் 20 நிமிடத்தில் நிறுத்திவிடுகிறேன்.

நண்பரின் ஆய்வகத்தில் ஒரு புரோப் சோனிகேட்டரும் இருந்தது, 20 கிலோஹெர்ட்ஸ், 13 மில்லிமீட்டர் டைட்டானியம் முனை. தொட்டியில் ஒலி சுவரையும் தண்ணீரையும் குடுவையையும் தாண்டி வர வேண்டும்; இதில் முனையே சாற்றுக்குள் இறங்குகிறது. பீக்கரைச் சுற்றி ஐஸ் தண்ணீர், 5 வினாடி ஓட்டம், 5 வினாடி ஓய்வு, ஓட்டம் மட்டும் மொத்தம் 6 நிமிடம். காதுக்கவசம் இல்லாமல் அந்த அறையில் நிற்க முடியாது. முனையை 2 சென்டிமீட்டராவது முக்க வேண்டும். மேலாக வைத்தபோது ஒரே நுரையாகப் பொங்கி, காற்றை இழுத்துக்கொண்டு, கத்த ஆரம்பித்தது. கிடைத்தது 28, ஆறே நிமிடத்தில். ஆனால் தூளை இன்னும் நுணுக்கிவிட்டது. வடிதாளில் ஊற்றிவிட்டு முக்கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மையவிலக்கியில் சுற்றித்தான் தெளிய வைத்தோம். குழாயின் அடியில் இலைச் சக்கைக்குக் கீழே மெல்லிசாகச் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. முனை அரிபட்டு விழுந்த டைட்டானியம். அந்த முனையைத் திருப்பிப் பார்த்தால் நிலாப் பரப்பு மாதிரி இருந்தது.

எத்தனால் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக்கூடாது. 60% கலவையின் ஆவியும் சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். கரைப்பானைத் தொட்டிக்குள் நேராக ஊற்றி ஓட்டவே கூடாது; தொட்டியில் எப்போதும் தண்ணீர், கரைப்பான் மூடிய குடுவைக்குள். மூடியையும் இறுக்கித் திருகாமல், சும்மா பொருத்தி வைக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு வேண்டாம். ஓடும் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

இந்தச் சாற்றைக் குடிக்கலாமா என்று கேட்ட இரண்டு பேருக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். க்யூவெட்டில் ஊதா மறைவது க்யூவெட்டில் நடக்கும் சங்கதி. குடல், ஈரல், ரத்தம் எல்லாம் தாண்டிய பிறகு அதில் என்ன மிஞ்சுகிறது என்பது வேறு ஆராய்ச்சி.

சேமிப்பில் கற்றது கொஞ்சம்தான். ஒரு பாட்டிலை ஜன்னல் ஓரம் மறந்து வைத்துவிட்டேன், ஒரு வாரத்தில் பச்சை போய்ப் பழுப்பாகிவிட்டது. பச்சையம் தன் நடுவிலுள்ள மக்னீசியத்தை இழந்தால் அந்த நிறம்தான் வரும். பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தது அப்படியே இருக்கிறது. பச்சையம் வேண்டாம் என்றால் 40 டிகிரியில், குறைந்த அழுத்தத்தில் எத்தனாலை மட்டும் இழுத்துவிட்டு ஒரு ராத்திரி குளிரில் வைத்தால் போதும். தண்ணீரில் கரையாத பச்சையம் அடியில் கரும்பச்சைச் சேறாக இறங்கிவிடும். மேலே தேன் நிறத்தில் தெளிந்த சாறு நிற்கும்.

அந்தத் தேன் நிறச் சாற்றின் ஃபோலின் கணக்கை இன்னும் எடுக்கவில்லை. வரும் வாரம் நிறமானி கிடைக்கும். அதற்குள் மூலையிலும் நடுவிலும் இரண்டு குடுவையை ஒரே நேரத்தில் தொங்கவிட்டு, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்கத் தூள் நிறுத்து வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் கண்ணாடி மூடிதான்.